எர்லாங்கனில் படிக்கிறேன்: ஒரே வார இறுதியில் நான்கு பழைய ஊர்கள், முடியுமா?

எர்லாங்கன்_புதுவரவு

எம்.எஸ். படிக்க அக்டோபரில்தான் ஜெர்மனியின் பவேரியா மாநிலத்தில் இருக்கிற எர்லாங்கனுக்கு வந்தேன். நவம்பர் நடுவில் ஒரு சனி ஞாயிறு காலியாகக் கிடைக்கிறது, அப்புறம் லேப், அசைன்மென்ட், பிப்ரவரித் தேர்வு என்று ஓட்டம்தான். அறைத்தோழர்கள் இருவரும் நானும் சேர்ந்து சனி காலை ரோத்தன்பர்க், மாலை வூர்ட்ஸ்பர்க், ஞாயிறு காலை பாம்பெர்க், மாலை ரேகன்ஸ்பர்க் என்று திட்டம் போட்டிருக்கிறோம். ராத்திரி அறைக்கே திரும்பிவிட்டால் ஹாஸ்டல் செலவு மிச்சம். எனக்கும் ஒருவனுக்கும் டாய்ச்லாண்ட் டிக்கெட் (நாடு முழுக்க வட்டார ரயில்களில் செல்லும் மாதப் பாஸ்) இருக்கிறது, மூன்றாமவனுக்கு இல்லை. இது நடக்கிற காரியமா? எதையாவது விடணும் என்றால் எதை விடலாம்? நான் சைவம், அவர்கள் எதையும் சாப்பிடுவார்கள்.

ரயில்_பைத்தியம்

நடக்கும் தம்பி, ஆனால் நான்கு ரயில் நிலையங்களைப் பார்த்துவிட்டு வருவீர்கள். நவம்பர் நடுவில் மாலை நாலரைக்கெல்லாம் இருட்டிவிடும், அதனால் உங்கள் திட்டத்தில் இருக்கிற "மாலை" இரண்டும் கணக்கில் வராது.

முதலில் ரோத்தன்பர்கை எடுத்துவிடுங்கள். ஊர் அழகுதான், கோட்டைச் சுவர் மேலேயே நடக்கலாம், ஆனால் அங்கே போக நூரம்பர்க், அன்ஸ்பாக், ஷ்டைனாக் என்று மாறி மாறி ஏறணும், ஒரு இணைப்பைத் தவறவிட்டால் அரை நாள் போச்சு. அதைக் கோடையில் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

சனிக்கிழமை முழுக்க பாம்பெர்க்குக்குக் கொடுங்கள். எர்லாங்கனிலிருந்து எஸ்-பான் என்கிற புறநகர் ரயில் நேராகவே போகிறது. ஞாயிறு காலை பாம்பெர்க் என்று போட்டிருக்கிறீர்களே, அது சரிவராது, ஏனென்றால் அந்த ஊரின் உயிரே பேராலயம்தான், ஞாயிறு காலையில் அங்கே திருப்பலி நடக்கும், சுற்றிப் பார்க்க விடமாட்டார்கள். இப்போது நிற்கிற கட்டடம் 1237-இல் அர்ப்பணிக்கப்பட்டது. உள்ளே இரண்டாம் ஹென்றி பேரரசருக்கும் அவர் மனைவி குனிகுண்டேவுக்கும் டில்மன் ரீமன்ஷ்னைடர் செதுக்கிய கல்லறை இருக்கிறது. அதன் பக்கவாட்டுச் சிற்பத்தை நின்று பாருங்கள்: கற்பின் மேல் சந்தேகம் வந்ததும் குனிகுண்டே பழுக்கக் காய்ச்சிய ஏர்க்கொழுக்களின் மேல் வெறுங்காலோடு நடந்து காட்டுகிறாள். நம்ம ஊர் ஆள் யாராக இருந்தாலும் அந்த இடத்தில் சீதை ஞாபகம் வந்தே தீரும். அதே ஆலயத்தில் போப் இரண்டாம் கிளமென்டின் கல்லறையும் உண்டு, ஜெர்மனியில் இருக்கிற ஒரே போப் கல்லறை அது. தூணில் குதிரைமேல் ஒரு அரசன் உட்கார்ந்திருப்பான், யார் என்று இன்றுவரை ஆய்வாளர்கள் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

அப்புறம் கீழே இறங்கி ஆற்றின் நடுவில் நிற்கும் பழைய நகர்மன்றம், மீனவர் வீடுகள் வரிசையாக இருக்கிற குட்டி வெனிஸ், எல்லாம் நடக்கிற தூரம்தான். இரண்டாம் உலகப்போரில் பெரிய அழிவு இல்லாமல் தப்பிய ஊர், அதனால் நீங்கள் பார்ப்பதில் பெரும்பாலானவை உண்மையாகவே பழசு. 1993-இலேயே யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்துவிட்டார்கள்.

ஞாயிறு ரேகன்ஸ்பர்க். நூரம்பர்கில் மாறணும், அங்கிருந்து ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். டான்யூப் மேல் இருக்கிற கல் பாலம் 1135-இல் தொடங்கிப் பதினோரு ஆண்டுகளில் முடித்தது. 1147-இல் இரண்டாம் சிலுவைப்போருக்குப் போன ஜெர்மன் படை இந்த ஊரிலிருந்துதான் கிளம்பியது. பழைய நகர்மன்றத்துக்குள் வழிகாட்டியோடு மட்டும்தான் போக முடியும், கீழே அந்தக் காலத்து விசாரணை அறையை அப்படியே வைத்திருக்கிறார்கள். நீங்கள் என்ஜினீயரிங் ஆள் என்றால் வானியலாளர் கெப்ளர் 1630-இல் இறந்த வீட்டையும் தேடிப் பாருங்கள். பேரரசர் தரவேண்டிய சம்பளப் பாக்கியைக் கேட்கத்தான் அந்த மனிதர் குளிரில் குதிரையேறி இங்கே வந்தார். கல்லறைகூட மிஞ்சவில்லை, முப்பதாண்டுப் போரில் அழிந்துவிட்டது.

மெயின்_கரை

மேலே சொன்னதில் பாதிக்கு உடன்படுகிறேன். ரோத்தன்பர்கை விடச் சொன்னது சரி, வூர்ட்ஸ்பர்கை ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் விட்டதை ஒத்துக்கொள்ள முடியாது. அங்கே அரண்மனை மாடிப்படிக்கு மேலே இத்தாலிய ஓவியர் டியெபோலோ 1752, 53-இல் வரைந்த கூரை ஓவியம் இருக்கிறது, அதற்காக மட்டுமே போகலாம். கட்டடக் கலைஞர் பல்தசார் நோய்மன் அவ்வளவு பெரிய கூரையைத் தூண் இல்லாமல் கட்டினார், 1945 மார்ச் 16 குண்டுவீச்சில் ஊரே எரிந்தும் அந்தக் கூரை நின்றது. படியேற ஏற ஒவ்வொரு கண்டமாகக் கண்ணில் படும், ஆசியா யானைமேல் உட்கார்ந்திருப்பாள். ரீமன்ஷ்னைடர் வாழ்ந்ததும் இந்த ஊரில்தான், மேயராகவே இருந்தார், 1525 விவசாயிகள் போருக்கப்புறம் சிறையில் போட்டார்கள்.

ஆனால் குளிர்காலத்தில் அரண்மனை நாலரைக்கு மூடிவிடும், ஆகவே சனி மாலை என்ற யோசனை வேண்டாம். இன்னொரு நாள் காலையில் வாருங்கள்.

புளியோதரை_டப்பா

நான் சைவம் என்பதால் சாப்பாட்டுப் பக்கம் மட்டும் சொல்கிறேன். பிராங்கோனியா என்கிற இந்த வடக்குப் பவேரியப் பகுதிச் சாப்பாட்டில் பன்றி இறைச்சி இல்லாத தட்டு அபூர்வம். உருளைக்கிழங்குக் கொழுக்கட்டை மாதிரி க்ளோஸ் என்று ஒன்று வரும், அது சைவம்தான், ஆனால் மேலே ஊற்றுகிற சாஸ் இறைச்சிச் சாறு, கேட்டுவிட்டு வாங்குங்கள். சீஸ் போட்ட நூடுல்ஸ் மாதிரியான கேஸ்ஷ்பெட்ஸ்லே பெரும்பாலும் சரியாக இருக்கும், பன்றிக்கொழுப்புத் துண்டு தூவாமல் தரச் சொல்லணும். பாம்பெர்கில் உங்கள் தோழர்கள் புகைநெடி அடிக்கும் ரௌக்பியர் என்கிற பீர் குடிக்காமல் திரும்ப மாட்டார்கள், பீச் மரப் புகையில் மால்ட்டை உலர்த்துவதால் அந்த வாசம். குடிப்பவர்கள் முதல் மடக்கில் முகம் சுளிப்பார்கள், அது பரவாயில்லை.

பணம் மிச்சம் பிடிக்கணும் என்றால் காலையிலேயே புளியோதரையோ எலுமிச்சை சாதமோ டப்பாவில் கட்டிக்கொள்ளுங்கள். ஆற்றங்கரைப் பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிடுவதை யாரும் கேட்கப்போவதில்லை. காலி பாட்டிலைத் தூக்கிப் போடாதீர்கள், கடையில் திருப்பிக் கொடுத்தால் வைப்புத்தொகையாக 25 சென்ட் வரை கிடைக்கும். கழிப்பறைக்குச் சில்லறை வைத்துக்கொள்ளுங்கள், மாணவர் அடையாள அட்டையை எல்லாக் கவுன்ட்டரிலும் நீட்டுங்கள்.

எர்லாங்கன்_புதுவரவு

அப்படியானால் சனி பாம்பெர்க், ஞாயிறு ரேகன்ஸ்பர்க். வூர்ட்ஸ்பர்க் தேர்வுக்கப்புறம். நன்றி எல்லோருக்கும். டிக்கெட் இல்லாதவனுக்கு என்ன செய்வது? அப்புறம் நூரம்பர்கைப் பற்றி யாருமே பேசவில்லையே, பார்க்க ஒன்றும் இல்லையா?

ரயில்_பைத்தியம்

அவனுக்கு இரண்டு நாளும் தனித்தனியாக பயர்ன் டிக்கெட் (பவேரியாவுக்கான ஒருநாள் டிக்கெட்) எடுங்கள். வார நாளில் காலை 9-க்கு மேல்தான் செல்லும், சனி ஞாயிறில் அந்தக் கட்டுப்பாடு இல்லை, மறுநாள் அதிகாலை 3 வரை ஓடும். டிக்கெட்டில் அவன் பெயர் இருக்கணும். இல்லாவிட்டால் டாய்ச்லாண்ட் டிக்கெட்டே எடுக்கச் சொல்லுங்கள், அது மாதச் சந்தா, வேண்டாம் என்றால் அந்த மாதம் 10-ஆம் தேதிக்குள் ரத்து செய்யணும், மறந்தால் அடுத்த மாதக் காசும் போகும். எது எடுத்தாலும் வட்டார ரயில்தான், ஐசிஇ அதிவேக ரயிலில் ஏறிவிடாதீர்கள். சில வட்டார ரயில்கள் வழியில் இரண்டாகப் பிரிந்து வெவ்வேறு ஊருக்குப் போகும், பெட்டியில் எழுதியிருக்கும் ஊர்ப் பெயரைப் பார்த்து ஏறுங்கள். வார இறுதியில் தண்டவாள வேலை நடந்தால் ரயிலுக்குப் பதில் பஸ் விடுவார்கள், முந்தின நாள் ராத்திரி ஆப்பில் ஒருமுறை பாருங்கள்.

நூரம்பர்கில் நிறைய இருக்கிறது. பக்கத்திலேயே இருப்பதால் எர்லாங்கன் ஆட்கள் அரிசி, மளிகை வாங்க மட்டும் அங்கே போவார்கள், அது எனக்குக் கொஞ்சம் எரிச்சல். 1945 ஜனவரி 2 குண்டுவீச்சில் பழைய நகரம் தரைமட்டமானது, இப்போது பார்ப்பதில் பெரும்பகுதி திரும்பக் கட்டியது, அதைத் தெரிந்துகொண்டு பார்த்தால்தான் சுவாரசியமே. ஜெர்மானிய தேசிய அருங்காட்சியகத்தில் பெஹைம் என்கிற நூரம்பர்க் வணிகர் செய்வித்த உலக உருண்டை இருக்கிறது, 1492-ஐ ஒட்டிச் செய்தது, அதில் அமெரிக்காவே கிடையாது. நாஜித் தலைவர்களை விசாரித்த 600-ஆம் எண் நீதிமன்ற அறையையும் பார்க்கலாம், செவ்வாய்க்கிழமை மட்டும் போகாதீர்கள், மூடியிருக்கும். இதற்கெல்லாம் வார இறுதியே வேண்டாம், வகுப்பு இல்லாத ஒரு மதியம் போதும்.

புளியோதரை_டப்பா

ஒன்று விட்டுப்போச்சு. ஞாயிறு இங்கே சூப்பர் மார்க்கெட் எல்லாம் பூட்டு. பாம்பெர்கிலிருந்து திரும்பியதும் சனி ராத்திரி எட்டு மணிக்குள் மறுநாளுக்கான ரொட்டி, பழம், தயிர் வாங்கி வைத்துவிடுங்கள், எட்டு அடித்தால் ஷட்டர் இறங்கிவிடும்.