வால்வு ஆம்பின் 3 சதவீதம் காதுக்குத் தெரியுமா?

காவிரிக்கரை (மயிலாடுதுறை):
சிங்கிள் எண்டட் (அலை முழுவதையும் ஒரே வால்வு பெருக்கும் வகை) 300பி வால்வு ஆம்ப் ஒன்று வாங்கினேன். 8 வாட். கூட வந்த தாளில் முழு பவரில் 3 சதவீத டிஸ்டார்ஷன் (ஒலிச் சிதைவு) என்று போட்டிருக்கிறது. என் பழைய டிரான்சிஸ்டர் ஆம்பில் அது 0.01 தான். ஆனாலும் நாதஸ்வரக் கச்சேரிக்கு வால்வுதான் எனக்குப் பிடிக்கிறது. தவிலில் தொப்பி அடி விழும்போது அறையே நிறைகிறது. 'நீ ரசிப்பது டிஸ்டார்ஷனைத்தான்' என்கிறான் தம்பி. இந்த 3 சதவீதம் உண்மையிலேயே கேட்குமா?

திருவாரூர் வாசி:
1985-ல் அமெரிக்காவில் ஆம்ப் வடிவமைப்பாளர் பாப் கார்வர், விலை உயர்ந்த வால்வு ஆம்ப் ஒன்றைப் போலவே ஒலிக்கும்படி தன் டிரான்சிஸ்டர் ஆம்பைத் திருத்திக் காட்டினார். ஸ்டீரியோஃபைல் என்ற ஆடியோ இதழ்க்காரர்களால் வித்தியாசம் சொல்ல முடியவில்லை. வால்வுக்கென்று தனி மாயம் இல்லை என்பதே என் கட்சி.

குடந்தை மெக்கானிக்:
கும்பகோணத்தில் சவுண்டு சர்வீஸ்காரர்களின் ஆம்ப் ரிப்பேர் பார்ப்பதுதான் என் தொழில். தம்பி, அந்த 3 சதவீதம் 8 வாட்டில் வருவது. வீட்டில் சராசரியாக அரை வாட் போனாலே அதிகம். அரை வாட்டில் வோல்டேஜ் கால் பங்குதான். இந்த வகை ஆம்பில் பெரும்பாலும் வருவது இரண்டாம் ஹார்மானிக், அதாவது மூல ஒலியின் இரு மடங்கு அதிர்வெண்ணில் கூடவே வரும் ஒலி. அதுவும் கூடவே இறங்கி ஏறக்குறைய முக்கால் சதவீதத்துக்கு வந்துவிடும். ஸ வாசித்தால் இரண்டாம் ஹார்மானிக் என்பது மேல் ஸ. சீவாளியிலிருந்து புறப்படும்போதே நாதஸ்வரத்தில் அது தாராளமாக இருக்கிறது. அதன்மேல் இந்த முக்கால் சதவீதத்தை எந்தக் காது பிரித்தெடுக்கும்? ஒத்தும் சுருதியும் கலந்தாலும் அப்படித்தான். ஸ 240, ப 360 ஹெர்ட்ஸ் என்றால் இரண்டும் ஆம்பில் சேர்ந்து புதிதாகக் கிளப்பும் 120 கீழ் ஸ, 600 மேல் அந்தர காந்தாரம். உறுத்தாது.

உறுத்துவது வேறு. பயஸ் (டிரான்சிஸ்டரில் எப்போதும் ஓடவேண்டிய சிறு மின்னோட்டம்) சரியில்லாத டிரான்சிஸ்டர் ஆம்ப் என் மேசைக்கு வரும். மீட்டரில் அரை சதவீதம்கூடக் காட்டாது. ஆனால் ஆலாபனை தேய்ந்து அடங்கும் இடத்தில் ஒரு கரகரப்பு, மணலைத் தேய்க்கிற மாதிரி. அங்கே வருவது ஏழாவது, ஒன்பதாவது ஹார்மானிக்குகள். பி.பி.சி. பொறியாளர் ஷார்ட்டர் 1950-லேயே இதற்குக் கணக்கு சொன்னார்: காதை உறுத்துவதில் இரண்டாவதுக்கு எடை 1 என்றால் ஏழாவதுக்கு 12-க்கு மேல். வெறும் மொத்தச் சதவீதத்தை வைத்து ஆம்பை எடை போடுவது எனக்குக் கொஞ்சமும் சம்மதமில்லை.

சரி, உங்கள் தொப்பி அடிக்கு வருவோம். அது டிஸ்டார்ஷனே இல்லை என்பேன். ஃபீட்பேக் (அவுட்புட்டில் கொஞ்சத்தை உள்ளே திருப்பிப் பிழை திருத்துவது) இல்லாத 300பி ஆம்பின் அவுட்புட் இம்பீடன்ஸ், அதாவது ஆம்பின் உள் தடை, 2, 3 ஓம் இருக்கும். 8 ஓம் ஸ்பீக்கர் என்பது பேருக்குத்தான். ஓரிடத்தில் 5 ஓம், பாஸில் 30 ஓம் என்று ஏறி இறங்கும். ஸ்பீக்கரின் தடை ஏறும் இடத்தில் அதற்குக் கிடைக்கும் வோல்டேஜும் ஏறும். அதனால் பாஸ் 3 டெசிபல் வரை தூக்கிக்கொண்டு வரும். இது எல்லோருக்கும் கேட்கும்.

அதே உள் தடையை டிரான்சிஸ்டர் ஆம்புக்கும் கொடுத்துப் பாருங்கள். ஒரு 3.3 ஓம், 10 வாட் சிமென்ட் ரெசிஸ்டர் வாங்கி, டிரான்சிஸ்டர் ஆம்புக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் சீரிஸாகப் போடுங்கள். 400 ஹெர்ட்ஸ் டோன் விட்டு, ஸ்பீக்கர் முனையில் மல்டிமீட்டர் வைத்து இரண்டு ஆம்பையும் ஒரே வோல்டேஜுக்குக் கொண்டுவாருங்கள். சத்தம் துளி கூடினாலும் அதுதான் நல்லது என்று காது சொல்லிவிடும். வயரை உங்கள் தம்பி மாற்றட்டும், நீங்கள் பார்க்க வேண்டாம். ஒவ்வொரு முறையும் ஆம்பை அணைத்துவிட்டு மாற்றச் சொல்லுங்கள். ஸ்பீக்கர் இல்லாமல் பாட்டு ஓடினால் வால்வு ஆம்பின் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும்.

காவிரிக்கரை:
செய்துபார்த்தோம், அண்ணா. ரெசிஸ்டர் போட்டதும் டிரான்சிஸ்டர் ஆம்பிலும் அதே தொப்பி அடி! எது எது என்று என்னால் சொல்ல முடியவில்லை. அப்படியானால் 3 சதவீதம் எதில்தான் கேட்கும்?

குடந்தை மெக்கானிக்:
புல்லாங்குழலில் கேட்டுப்பாருங்கள். மெல்ல ஊதும் கார்வையில் ஹார்மானிக் குறைவு, ஒளிந்துகொள்ள இடமில்லை. வால்யூமை நன்றாக ஏற்றி வையுங்கள். குழல் கொஞ்சம் தடித்துக் கேட்டால் அதுதான் உங்கள் 3 சதவீதம்.