தோள்பட்டை தூக்க முடியல: கிளினிக் பிசியோகிட்ட காட்டலாமா, நேரா எம்ஆர்ஐயா?

குடியாத்தம்_வாசி:
அம்மாவுக்கு 54 வயசு, சுகர் இருக்கு, பீடி சுத்துறாங்க. நாலு மாசமா வலது தோள்ல வலி. இப்போ தலை வார முடியல, கை முதுகுப் பக்கம் போகவே மாட்டேங்குது. எங்க தெரு டாக்டர், "சனிக்கிழமை நம்ம கிளினிக்குக்கே மூட்டு, தசை பார்க்கிற பிசியோ வர்றார், காட்டுங்க"ன்னார். மாமா எம்ஆர்ஐ எடுத்துட்டு வேலூர் போகச் சொல்றார். பெரியம்மா புத்தூர் கட்டுங்கறாங்க. எது சரி?

பிசியோ_காட்பாடி:
சனிக்கிழமையே காட்டுங்க. இந்த வயசுல வலியே இல்லாதவங்க தோளை ஸ்கேன் எடுத்தாலும் சவ்வுல, அதாவது தசையை எலும்போட சேர்க்கிற நாருல, ஏதாவது தேய்மானம், கிழிசல் தெரியும். அதைப் பார்த்துப் பயந்ததுதான் மிச்சமாகும். கையை வெச்சு சோதிக்கிறதுதான் முதல்ல.

வீட்லயே ஒண்ணு பாருங்க. முழங்கையை விலாவோட ஒட்டி மடக்கி வெச்சு, முன்கையை வெளிப்பக்கம் திருப்பச் சொல்லுங்க. அவங்களால முடியலன்னா நீங்க மெதுவா திருப்பிப் பாருங்க. நீங்க திருப்பினாலும் கதவு தாழ் போட்ட மாதிரி நின்னுட்டா மூட்டு உறை சுருங்கியிருக்கு, அதாவது ஃப்ரோசன் ஷோல்டர். சுகர்காரங்களுக்கு இது அதிகம் வரும். நீங்க திருப்பினா போகுது, அவங்களா தூக்கத்தான் முடியலன்னா சவ்வுப் பிரச்சனையைச் சந்தேகப்படணும்.

மடியில முறத்தை வெச்சு மணிக்கணக்கா குனிஞ்சு சுத்துறவங்களுக்குக் கழுத்துலேர்ந்தும் வலி இறங்கும். முழங்கை தாண்டி விரல் வரைக்கும் மரத்துப் போனா, கையைத் தலைமேல வெச்சா வலி குறைஞ்சா, அதை மறக்காம சொல்லுங்க.

கட்டு வேண்டவே வேண்டாம். ஏற்கனவே இறுகின மூட்டை அசையாம கட்டினா இன்னும் இறுகும்.

எடுத்துட்டுப் போக வேண்டியது: சாப்பிடற மாத்திரை அட்டை எல்லாம், மூணு மாச சராசரி சுகர் ரிப்போர்ட், பழைய எக்ஸ்ரே இருந்தா அது. தோள்பட்டை எலும்பைப் பின்னாலேர்ந்து பார்க்கணும், அதனால கை தளர்ந்த நைட்டி, போர்த்திக்க ஒரு துண்டு.

குடியாத்தம்_வாசி:
திருப்பிப் பார்த்தேன் சார், நான் திருப்பினாலும் போகல. ஊசி போடலாம்னு சொன்னா ஒத்துக்கலாமா?

வாலாஜா_மருந்தாளுநர்:
அந்த ஊசியை டாக்டர்தான் போடணும், பிசியோ இல்ல. ராத்திரி தூங்க விடாத வலி இருக்கிற ஆரம்பக் கட்டத்துலதான் அது நல்லா கேட்கும். வலி போய் வெறும் இறுக்கம் மட்டும் மிஞ்சினப்புறம் பலன் குறைவு.

அது ஸ்டீராய்டு, அதனால சில நாள் சுகர் ஏறும். ஏற்கனவே கட்டுக்குள்ள இல்லன்னா முதல்ல அதைச் சரி பண்ணச் சொல்வாங்க. போட்ட பிறகு ஒரு வாரம் காலையும் சாயந்திரமும் குளுக்கோமீட்டர்ல பாருங்க. ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிட்டா முன்னாடியே சொல்லிடுங்க. டைக்ளோஃபினாக் மாத்திரையைக் கடையில கேட்டு வாங்கி நாள் கணக்கா போடறது கிட்னிக்கும் வயித்துக்கும் கேடு, சுகர், பிரஷர் இருக்கிறவங்களுக்கு ரெட்டிப்புக் கேடு.

பிசியோ_காட்பாடி:
அப்போ மூட்டு இறுக்கம்னே வெச்சுக்கலாம், மத்ததைச் சனிக்கிழமை அவர் உறுதி பண்ணட்டும். எக்ஸ்ரே ஒண்ணு எழுதுவார், அது போதும்.

பயிற்சிக்கு முன்னாடி 10 நிமிஷம் சுடு ஒத்தடம். சுகர்ல தோல் மரத்திருந்தா சூடு தெரியாது, அதனால துணி சுத்தி, நீங்க தொட்டுப் பார்த்து வையுங்க. அப்புறம் மேஜையைப் பிடிச்சுக் குனிஞ்சு கையைத் தொங்கவிட்டு ஆட்டறது, சுவர்ல விரலால ஏறறது, ரெண்டு கையாலயும் குச்சி பிடிச்சு வெளிப்பக்கம் தள்ளறது. ஒவ்வொண்ணும் பத்துத் தடவை, தினம் ரெண்டு வேளை. செஞ்ச வலி மறுநாளும் இருந்தா அளவு அதிகம், குறைங்க. யாராவது முரட்டுத்தனமா இழுத்துவிட விடாதீங்க. குணமாக ஒரு வருஷத்துக்கு மேல கூட ஆகும். அதை முதல் நாளே அம்மாகிட்ட சொல்லிட்டா பாதியில விட மாட்டாங்க.

ஆற்காடு_செவிலி:
சனிக்கிழமை வரைக்கும் காத்திருக்கக் கூடாத விஷயங்களும் உண்டு. தோள் சிவந்து சூடா காய்ச்சல், விழுந்த பிறகு கை தூக்க முடியாம போறது, கைல வலுவே இல்லாம போறது. தோள், கை வலியோட நெஞ்சு இறுக்கம், வியர்வைன்னா உடனே 108. சுகர்காரங்களுக்கு நெஞ்சுவலி இல்லாமலே மாரடைப்பு வரும்.

செலவு கஷ்டம்னா வேலூர் பக்கம் அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில காட்டுங்க. 2021-ல ஆரம்பிச்ச மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல வீட்டுக்கே வந்து பிசியோ செய்வாங்க. ஆனா அது நடமாட முடியாதவங்களுக்குத்தான் முதல்ல. உங்க ஆரம்ப சுகாதார நிலையத்துல பேரைக் குடுத்து வையுங்க, சுகர் மாத்திரையும் அங்கேயே கிடைக்கும்.