விரல் சூப்புதலும் பல் வரிசையும்: சில பெற்றோர் அனுபவங்கள், ஓர் இளைஞரின் அனுபவம்

வெள்ளவத்தையிலிருந்து ஒரு தாய்:

என் மகள் ஏழு வயது கடந்த பின்னரும் பெருவிரல் சூப்புவதை விடவில்லை. அம்மம்மா விரலில் வேப்பெண்ணெய் பூசிப் பார்த்தார். பிள்ளை அதைக் கழுவிவிட்டுச் சூப்பினாள். பற்களைக் கடிக்கும்போது முன்பற்கள் மட்டும் ஒன்றையொன்று தொடாமல் இடைவெளி விழுவதைப் பாடசாலைப் பல் சிகிச்சையாளர் கவனித்து, வார்ட் பிளேஸிலுள்ள பல் வைத்தியசாலைக்கு எங்களை அனுப்பினார்.

பல்லின் இடத்தை மாற்றுவது விசையின் வலிமையைவிட அது நீடிக்கும் நேரமே என்று அங்கே வைத்தியர் விளக்கினார். மெல்லும்போது பற்களில் விழும் விசை பெரிதாயினும் நொடிப்பொழுதில் விலகிவிடுகிறது. இரவு முழுவதும் வாயில் கிடக்கும் விரலோ, இலேசாக அழுத்தினாலும், மேல் முன்பற்களை வெளியே தள்ளுகிறது. விரல் இருக்கும்வரை நாக்கு அண்ணத்தைத் தாங்காமல் தாழ்ந்து கிடப்பதால், இருபுறமும் கன்னத் தசைகள் அழுத்தி மேல்தாடையை ஒடுக்கிவிடுகின்றன. பாற்பல் பருவத்திலேயே, அதாவது மூன்று, நான்கு வயதளவில், பழக்கத்தை விடும் பிள்ளைகளுக்கு இவை பெரும்பாலும் தாமாகவே சீராகிவிடுமாம். வேப்பெண்ணெயையும் அதட்டலையும் நிறுத்தி, இரவில் கையுறை, நாட்காட்டியில் நட்சத்திரம் என்று மாறினோம். அதட்டலால் ஆகாதது நட்சத்திரத்தால் ஆனது. பழக்கம் நின்றதும் முன்பல் இடைவெளி வெகுவாகக் குறைந்தது. ஒடுங்கிய தாடைக்கு மட்டும் விரிப்புக் கருவி தேவைப்பட்டது.

கொட்டாஞ்சேனையிலிருந்து ஓர் இளைஞர்:

சகோதரி கூறிய அதே விளக்கம் பல்லுக்குக் கம்பி போடுவதற்கும் பொருந்தும். பல் மாதத்துக்கு ஏறத்தாழ 1 மில்லிமீற்றரே நகரும் என்று அறிந்தபோது, இன்னும் இறுக்கினால் விரைவில் முடியாதா என்று கேட்டேன். வேருக்கும் எலும்புக்கும் இடையில் சுமார் 0.2 மில்லிமீற்றர் தடிப்புள்ள இழையம் ஒன்று உண்டு என்றும், இலேசான விசையில் அழுத்தப்படும் பக்கத்து எலும்பு கரைய, இழுபடும் பக்கத்தில் புது எலும்பு படியும் என்றும் வைத்தியர் சொன்னார். அளவுக்கு மீறி இறுக்கினால் குருதியோட்டம் தடைப்பட்டு அவ்விழையம் இறந்துவிடும். உடல் அதை அகற்றி முடிக்கும்வரை பல் நகராது, வேர் கரையும் ஆபத்தும் கூடும். அதன் பின் நான் அவசரப்படுத்தவில்லை. கம்பி கழற்றிய பின்னும் முரசின் நார்கள் பற்களைப் பழைய இடத்துக்கு இழுக்கும் என்பதால், இப்போது இரவில் ரிட்டெய்னர் அணிகிறேன்.

பம்பலப்பிட்டியிலிருந்து ஒரு தந்தை:

என் எட்டு வயது மகனின் மேல் முன்பற்கள் விரிந்து நிற்கின்றன. உறவினர் அனைவரும் உடனே கம்பி போடச் சொல்கிறார்கள். முளைக்கக் காத்திருக்கும் வேட்டைப்பற்கள் பக்கத்துப் பற்களின் வேர்களை நெருக்குவதால் வரும் இவ்விடைவெளி, அவை 11, 12 வயதளவில் இறங்கும்போது பெரும்பாலும் மூடிக்கொள்ளும் என்றும், இப்போதே நெருக்கிக் கட்டினால் வேர்களுக்குப் பாதிப்பு வரலாம் என்றும் வைத்தியர் கூறிவிட்டார். பத்து வயதளவில் மேல் முரசைத் தடவிப் பார்க்கையில் வேட்டைப்பல்லின் புடைப்பு தட்டுப்படாவிட்டால், கதிர்ப்படம் எடுக்க அழைத்து வரச் சொல்லியிருக்கிறார்.