பத்தாயிரம் அடி என்று யார் சொன்னது?

கணக்குப்பிள்ளை:
"மாணவரும் ஊழியரும் தினம் 10,000 காலடி நடந்தால் போதும், பல்கலைக்கழகத்தில் பாதி நோய் ஓடிவிடும், மருத்துவர்கள் வகுத்த அளவு அது" என்று நேற்று 'காலைநடை' இங்கே எழுதியிருந்தார். படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. எந்த மருத்துவர் ஐயா வகுத்தார்? 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த, நடக்கும் அடிகளை எண்ணும் அடிமானியின் பெயர் 'மான்போ-கெய்', அதாவது பத்தாயிரம் அடி அளவி. விற்கிறவன் வைத்த பெயரைப் பிடித்துக்கொண்டு வேதம் ஓதுகிறீர்கள்.

காலைநடை:
பெயர் எங்கிருந்து வந்தால் என்ன? நடப்பது நல்லதா இல்லையா? எங்கள் துறையில் நடைப் போட்டி வைத்தோம். நாலு பேருக்குச் சர்க்கரை குறைந்தது.

கணக்குப்பிள்ளை:
நடக்க வேண்டாம் என்று நான் எங்கே சொன்னேன்? 10,000 யார் சொன்னது என்றுதான் கேட்டேன். உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல், பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான உடற்பயிற்சி என்கிறது. நிமிடக் கணக்கு ஐயா, அடிக்கணக்கு இல்லை.

ஆய்வக எலி:
ராத்திரி 11 மணிக்கு ஆய்வு வழிகாட்டியிடமிருந்து மின்னஞ்சல் வருகிறது, காலைக்குள் பதில் வேண்டுமாம். அந்தப் படபடப்பு அடங்க எத்தனை அடி நடக்கணும்? 2015-இல் பல்கலைக்கழகங்களுக்காகக் கனடாவில் உருவான ஒகநாகன் சாசனம், நிர்வாகம், பாடம், அன்றாட வேலை எல்லாவற்றிலும் நலத்தைச் சேர்க்கச் சொல்கிறது. நம் ஆட்கள் கையில் அடி எண்ணும் பட்டையைக் கட்டிவிட்டு வேலை முடிந்தது என்கிறார்கள்.

காலைநடை:
தம்பி, நாங்களும் ஆய்வு செய்துதான் வந்தோம். சோம்பலுக்குச் சாசனம் தேடாதீர்கள்.

ஆய்வக எலி:
தம்பி இல்லை. சோம்பலும் இல்லை.

காலைநடை:
சரி, தங்கச்சி. பெயரில் எலி என்று இருந்தால் எனக்கு எப்படித் தெரியும்?

நூலக நிழல்:
ஊழியர் ஊழியர் என்கிறீர்களே, மூன்று மாடி பெருக்குகிற அக்காமார் போட்டி இல்லாமலே நடக்கிறார்கள். முட்டி தேய்ந்ததுதான் மிச்சம். அவர்களைப் போட்டியில் சேர்த்தீர்களா?

காலைநடை:
அவர்கள் ஒப்பந்தப் பணியாளர்கள். அது வேறு விஷயம்.

கணக்குப்பிள்ளை:
பேச்சை மாற்றாதீர்கள். இல்லினாய் பல்கலைக்கழகத்தில் கிட்டத்தட்ட 5,000 ஊழியர்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பகுதியினரை உடல்நலத் திட்டத்துக்கு அழைத்தார்கள். 2019-இல் முடிவு வெளியானது. மருத்துவச் செலவில் சொல்லும்படியான மாற்றம் இல்லை. வந்து சேர்ந்தவர்களோ முன்பே செலவு குறைவாக இருந்தவர்கள். உங்கள் நாலு பேரும் அப்படித்தானோ என்னவோ.

காலைநடை:
அமெரிக்கக் கதை எதற்கு? தூக்க விவாதத்தில் நான் உங்களை மடக்கியது இன்னும் உறுத்துகிறது, அவ்வளவுதான்.

கணக்குப்பிள்ளை:
மடக்கினீர்களா! எட்டு மணி நேரத் தூக்கம் 'எல்லோருக்கும் கட்டாயம்' என்று எழுதிவிட்டு, மறுநாள் சத்தமில்லாமல் அழித்தது யார்? இணைப்பு என்னிடம் இருக்கிறது. அது போகட்டும், 10,000 யார் சொன்னது?

காலைநடை:
நான் நடக்கக் கிளம்புகிறேன். வந்து பதில் சொல்கிறேன்.

கணக்குப்பிள்ளை:
9,999-இல் நின்றுவிடாதீர்கள், உயிருக்கு ஆபத்து.

நூலக நிழல்:
நான் கேட்டதற்கு யாரும் பதில் சொல்லவில்லை.