ஏரியில் டேங்க் கிளீனர்: எங்கள் ஊர் அனுபவம்

எங்கள் ஊர் செங்கல்பட்டுப் பக்கம். வீட்டு மீன் தொட்டியில் பாசி தின்ன விடும் டேங்க் கிளீனர் மீன் இப்போது எங்கள் ஏரியிலும் இருக்கிறது. கோடையில் ஏரித் தண்ணீர் இறங்கியதும் வீச்சு வலையோடு கிளம்பிவிடுவோம். முன்பெல்லாம் விரால், குறவை, கெளுத்தி, கெண்டை எல்லாம் கலந்து விழும். அப்புறம் ஜிலேபி மீன் பெருகியது. அதுவும் வெளிநாட்டு மீன்தான், 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். நாட்டு மீன் குறைந்தது கண்ணுக்குத் தெரிந்தும், குழம்புக்கு ஆகிறதே, விலைக்குப் போகிறதே என்று யாரும் பெரிதாகப் பேசவில்லை.

டேங்க் கிளீனர் அப்படி இல்லை. குழம்புக்கும் ஆகாது, சந்தையிலும் போகாது. உடம்பெல்லாம் செதிலுக்குப் பதில் எலும்புத் தகடு. முதுகுத் துடுப்பிலும் பக்கத் துடுப்புகளிலும் கனமான முள். வலையில் மாட்டியதும் துடுப்புகளை விறைத்துக்கொள்ளும். கண்ணியை விலக்கி எடுக்கவே முடியாது, அறுத்துத்தான் எடுக்கணும். வலை போட்டே பிழைக்கும் பெரியவர் ஒருவர், "மீன் வித்த காசு வலை தைக்கவே பத்தலைப்பா" என்றார். வயிற்றெரிச்சலாக இருந்தது.

கரையில் போட்டாலும் சீக்கிரம் சாகாது. காற்றை விழுங்கி இரைப்பை வழியாகவே சுவாசிக்கும். ஈரம் இருந்தால் மணிக்கணக்கில் கிடக்கும்.

தண்ணீர் நன்றாக வற்றியபோது கரையின் உள்பக்கத்தைப் பார்த்தேன். வரிசையாக வளைகள். ஒன்றில் கை விட்டால் முழங்கை தாண்டியும் முடியவில்லை. அதற்குள்தான் முட்டையிடும், ஆண் மீன் காவல் காக்கும். மண் கரை தாங்குமா? வளைகள் நெருக்கமாக இருந்த இடத்தில் கரை சரிந்தே கிடந்தது. பாசிதான் தின்னும் என்று கடையில் சொல்லி விற்கிறார்கள். பாசியைச் சுரண்டும்போது அதில் ஒட்டியிருக்கும் மற்ற மீன்களின் முட்டையும் சேர்ந்தே போய்விடும்.

அமேசான் பக்கத்து மீன் இங்கே தானாக வரவில்லை. விரல் நீளத்தில் வாங்கித் தொட்டியில் விடுகிறோம். ஒரு அடிக்கு மேல் வளர்ந்து தொட்டி கொள்ளாமல் போனதும், கொல்ல மனம் வராமல் ஏரியில் விடுகிறார்கள். மழைக்கு ஏரி நிரம்பினால், உபரித் தண்ணீர் வழியும் கலங்கல் வழியாக அடுத்த ஏரிக்கும் போய்விடும்.

தொட்டி வைத்திருப்பவர்களே, வளர்ந்துவிட்டால் வாங்கிய கடையிலேயே கேட்டுப் பாருங்கள், சிலர் திரும்ப எடுத்துக்கொள்கிறார்கள். வலையில் வந்ததைப் பாவம் பார்த்துத் தண்ணீரில் வீசாதீர்கள். நாங்கள் செத்துவிட்டதா என்று நன்றாகப் பார்த்துவிட்டு, தென்னைக்குக் குழி வெட்டிப் புதைக்கிறோம்.