ஓடைக்கரையைச் சீரமைக்கும் வேலையைப் பதின்வயதுப் பிள்ளைகளிடம் விடலாமா?

கரைமேடு:
விடுமுறை நாளில் மாணவர்களைக் கூட்டிப்போய் ஓடைக்கரையில் களைகளைப் பிடுங்கி நாட்டுச்செடி நடவைப்பதை எல்லோரும் பாராட்டுகிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. ஓடை கெட்டதே மேலே கலக்கும் சாக்கடையால்தான். அதிலுள்ள நைட்ரஜனும் பாஸ்பரஸும் ஆகாயத்தாமரைக்கு உரம், சாக்கடை வருவது நிற்காதவரை எத்தனை முறை வாரிப்போட்டாலும் மறுபடி மூடிக்கொள்ளும். குழாயை அடைக்க வேண்டிய பெரியவர்கள் சும்மா இருக்க, பிள்ளைகளைச் சேற்றில் இறக்குவது என்ன நியாயம்?

வேர்ப்பிடி:
சாக்கடையை நிறுத்த வேண்டும், சரி. அதுவரை கரையை மொட்டையாக விட்டுவிடலாமா? நிழல் இல்லாவிட்டால் நீர் சூடாகும், சூடான நீரில் ஆக்சிஜன் குறைவாகத்தான் கரையும். தட்டானையே எடுத்துக்கொள்ளுங்கள், இளம்பருவம் முழுக்க நீருக்குள் இருந்துவிட்டு, கடைசியில் கரையோரத் தண்டு ஒன்றைப் பிடித்து ஏறித்தான் தோலுரித்து வெளியே வருகிறது. தண்டே இல்லாத கரையில் அது எங்கே போகும்?

கரைமேடு:
நடுவதை நான் குறை சொல்லவில்லை, நட்டுவிட்டுப் போய்விடுகிறார்களே, அதைத்தான் சொல்கிறேன். கரையில் புதராக மண்டும் களையான உண்ணிச்செடியை அரிவாளால் வெட்டிப்போட்டால் அடிக்கட்டையிலிருந்து முன்பைவிட அடர்த்தியாகத் துளிர்க்கும். தேர்வு வந்துவிட்டால் யார் வந்து பார்ப்பார்கள்?

தெளிநீர்:
இப்படியொரு குழுவை நடத்துகிறவள் என்ற முறையில் சொல்கிறேன். நாங்கள் வெட்டவே விடுவதில்லை. அடியில் மண்ணைக் கிளறினால் தண்டும் வேரும் சேரும் இடம் தெரியும், அதற்குக் கீழே ஆணிவேரைத் துண்டித்துப் புதரைத் தலைகீழாகக் கவிழ்த்துவிட வேண்டும், வேர் மண்ணைத் தொடாமல் காய்ந்தால்தான் சாகும். காட்டிக்கொடுத்தால் பிள்ளைகள் பிசகாமல் செய்கிறார்கள். அப்புறம், சரிவு முழுவதையும் ஒரே மூச்சில் வெறுமையாக்கக் கூடாது, அடுத்த மழையில் மண்ணே போய்விடும். கொஞ்சம் எடுத்ததும் நீரோரத்தில் நாணல், கோரை, மேலே மரக்கன்று என்று நட்டபிறகே அடுத்த துண்டுக்குப் போகிறோம். பறவைகள் பழத்தைத் தின்று விதையை மறுபடி கொண்டுவந்து போடுவதால் முளைக்கிறபோதே கையால் பிடுங்க ஆள் வேண்டும்; தேர்வெழுதும் வகுப்பு ஒதுங்கினால் கீழ்வகுப்புப் பிள்ளைகள் அதைப் பார்த்துக்கொள்கிறார்கள்.

கரைமேடு:
உங்கள் குழுவில் அப்படி. பல இடங்களில் வெறுங்காலோடு இறக்கிவிடுகிறார்கள், காலில் சிறு கீறல் இருந்தாலே அழுக்கு நீரிலிருந்து எலிக்காய்ச்சல் வரும். பூட்ஸும் கையுறையும் தராதவர்களை நம்பி என் மகனை அனுப்பமாட்டேன்.

வேர்ப்பிடி:
அனுப்பாதீர்கள், அது நியாயமான நிபந்தனை. ஆனால் அதற்காக இந்த வேலையே பிள்ளைகளுக்கு வேண்டாம் என்பதை நான் ஏற்கவில்லை. சாக்கடைக் குழாய் எங்கெங்கே ஓடையில் திறக்கிறது என்று கரையோரமே நடக்கிற இந்தப் பிள்ளைகளுக்குத்தான் தெரியும், நீங்கள் சொல்கிறபடி குழாயை அடைக்கச் சொல்லி மனு எழுத அந்தப் பட்டியல் வேண்டாமா?