டிசம்பர் 26 அன்றே மகளின் முதல் பிறந்தநாள், என்ன செய்யலாம்?

எங்கள் வீடு நாகப்பட்டினம் பக்கம் கடற்கரையோரக் கிராமத்தில். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை, மணலில் கிரிக்கெட் விளையாடப் போன தம்பி சுனாமியில் போய்விட்டான். இந்த மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் இறந்தார்கள். போன வருடம் அதே தேதியில் எனக்குப் பெண் குழந்தை பிறந்தாள். இப்போது முதல் பிறந்தநாள் வருகிறது.

அன்று ஊரில் யாரும் கடலுக்குப் போக மாட்டார்கள். காலையில் ஊர்வலம், கடலில் பால் ஊற்றிப் பூப்போடுவது. அம்மா மதியம் வரை எதுவும் சாப்பிட மாட்டார். உப்புநீர் ஏறி முகம் பாதி கரைந்த தம்பி போட்டோ ஒன்றுதான் மிச்சம். அதைத் துடைத்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார்.

நட்சத்திரப்படி வேறு நாளில் வைத்துக்கொள்ளலாம் என்றேன். அம்மாவே ஒத்துக்கொள்ளவில்லை: "புள்ள பொறந்த நாள ஏன் ஒளிக்கணும்?" சரி, அன்றைக்கே கேக் வெட்டலாம் என்றதும் எழுந்து கொல்லைப்பக்கம் போய் அழுதார். ஜனவரிக்குத் தள்ளலாம் என்றால், உறவில் சிலர் இப்போதே டிசம்பர் 26-ஐ "ராசியில்லாத தேதி" என்கிறார்கள்; தள்ளினால் அதை ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும். என் மகள் காதில் அந்தப் பேச்சு விழவே கூடாது. மாமாவைப் பற்றியும் அவள் தெரிந்து வளர வேண்டும்.

இதேபோல் நினைவு நாளும் பிறந்தநாளும் ஒரே தேதியில் வரும் வீட்டுக்காரர்கள், அந்த ஒரு நாளைக் காலையிலிருந்து இரவு வரை எப்படி நடத்துகிறீர்கள்?